காரணம் கேட்கும் சட்டமும் காரணம் கேளாத சட்டமும்

கருவிலேயே குறைபாடு கண்டறியப்பட்டதை முன்னிட்டுக் கருவைக் கலைப்பதைத் தடுக்கும் சட்டங்கள் பற்றி வெளிநாடுகளில் எழும் வாதங்களைக் கொழும்பில் இருந்துகொண்டு படிப்பவருக்கு அவை சற்று விநோதமாகவே தோன்றும். 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவையின் 303ஆம் பிரிவு, தாயின் உயிரைக் காப்பது ஒன்றைத் தவிர வேறெந்தக் காரணத்தையும் ஏற்பதில்லை. மீறினால் 3 ஆண்டுகள் வரையும், சிசுவின் அசைவு உணரப்பட்ட பின்னரெனில் 7 ஆண்டுகள் வரையும் சிறை. மண்டையோடு உருவாகாமல், பிறந்த சில மணி நேரத்திலோ நாட்களிலோ இறந்துவிடும் சிசுவும், பள்ளிக்கூடம் போய் வேலையும் பார்க்கக்கூடிய டவுன் சிண்ட்ரோம் (ஒரு குரோமோசோம் கூடுதலாக இருப்பதால் வரும் பிறவி நிலை) உள்ள சிசுவும் இங்கே சட்டத்தின் கண்ணில் ஒன்றுதான். நம் சட்டம் காரணத்தைக் கேட்பதே இல்லை. அதனாலேயே, காரணம் கேட்கும் சட்டங்கள் எப்படி வேலை செய்கின்றன என்பதை நாம் ஒப்பிட்டுப் பார்த்து வைத்துக்கொள்வது நல்லது.

முதல் வகை, மற்ற நிலைகளில் அனுமதித்துவிட்டு, குறைபாடு என்ற காரணத்துக்கு மட்டும் தடை போடுவது. ஐக்கிய அமெரிக்காவில் 2013இல் வட டகோட்டா இதைத் தொடக்கி வைத்தது. அதிகம் பேசப்பட்டது 2017இல் ஒஹையோ இயற்றிய சட்டம். அது பெண்ணைத் தண்டிக்கவில்லை. டவுன் சிண்ட்ரோம்தான் காரணம் என்று தெரிந்தும் கலைத்த மருத்துவரையே குற்றவாளியாக்கி, அவருடைய உரிமத்தையும் பறிக்க வகைசெய்தது. 2021இல் கூட்டரசு மேன்முறையீட்டு நீதிமன்றம் 9க்கு 7 என்ற பெரும்பான்மையில் அதை நடைமுறைக்கு வர விட்டது. ஆதரவாளர்களின் வாதம் எளிதில் தள்ளிவிடக்கூடியதல்ல: பெண் சிசு என்பதற்காகக் கலைப்பதை அருவருக்கும் நாம், குறைபாடுள்ள சிசு என்பதற்காகக் கலைப்பதை ஏன் இயல்பாக எடுத்துக்கொள்கிறோம்?

ஆனால் சட்டம் எங்கே பிடிக்கிறது என்று பாருங்கள். அது பிடிப்பது மருத்துவரின் காதில் விழுந்த சொல்லை. சோதனை முடிவைச் சொல்லி, அழுது, ஆலோசனை கேட்ட பெண்ணுக்குக் கதவு மூடப்படுகிறது. எதையும் சொல்லாமல் வேறொரு மருத்துவரிடம் போனவளுக்கு அது திறந்திருக்கிறது. மனம்விட்டுப் பேசவேண்டிய அறையில் வாயை மூடிக்கொள்ளப் பழக்கும் சட்டத்தால் எந்தக் குழந்தைக்கு என்ன பயன் என்பது எனக்கு விளங்கவில்லை. இந்தியா 1994இல் பெண் சிசுக் கலைப்பைத் தடுக்க வேறு வழியில் போனது: மனத்திலுள்ள காரணத்தைத் தேடாமல், பாலினத்தைக் கண்டறிந்து சொல்வதையே தடை செய்தது. அதே சட்டம் குரோமோசோம் குறைபாடுகளுக்கான சோதனையை வெளிப்படையாகவே அனுமதிக்கிறது என்பதையும் மறக்கக்கூடாது.

இரண்டாவது வகை போலந்தினுடையது. அங்கே சட்டபூர்வமான கருக்கலைப்புகளில் மிகப் பெரும்பான்மை சிசுக் குறைபாட்டின் பேரில்தான் நடந்துவந்தன. 2020 ஒக்டோபரில் அரசியலமைப்புத் தீர்ப்பாயம் அந்த அனுமதியையே செல்லாதென்றது. 2021 ஜனவரியில் தீர்ப்பு நடைமுறைக்கு வந்தது. அதே ஆண்டு, 22 வார கர்ப்பத்தில் பனிக்குடம் உடைந்த ஒரு பெண், சிசுவின் இதயம் நிற்கட்டும் என்று மருத்துவர்கள் காத்திருந்த வேளையில் கிருமித்தொற்றால் இறந்தார். தாயின் உயிருக்கான விதிவிலக்கு அங்கேயும் ஏட்டில் இருந்தது. நமது 303ஆம் பிரிவை அப்படியே வைத்திருக்கலாம் என்போர் இந்த ஒன்றையாவது படிக்கவேண்டும்.

மூன்றாவது வகை அதற்கு நேர் எதிர். பிரித்தானியாவின் 1967ஆம் ஆண்டுச் சட்டப்படி பொதுவான எல்லை 24 வாரம். கடுமையான குறைபாட்டுக்கு எல்லையே இல்லை. டவுன் சிண்ட்ரோமுடன் வாழும் ஹைடி குரௌட்டர் இது தன்னைப் போன்றோரை மதிப்பிழக்கச் செய்கிறதென்று வழக்காடி, 2022இல் மேன்முறையீட்டிலும் தோற்றார். சட்டத்தில் தோற்றாலும், அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது என்றே நான் நினைக்கிறேன். ஐக்கிய நாடுகளின் மாற்றுத்திறனாளிகள் உரிமைக் குழுவும் இந்தக் கால வேறுபாட்டை விமர்சித்திருக்கிறது. ஆனால் எல்லையைச் சமமாக்கு என்பதும் தடை செய் என்பதும் ஒன்றல்ல. இரண்டையும் குழப்புவோர் இரு தரப்பிலும் உண்டு.

நான்காவது வகைக்கு அவ்வளவாக ஆரவாரம் இல்லை. 2008இல் அமெரிக்கக் கூட்டரசு இயற்றிய சட்டமொன்று தடையையும் விதிக்கவில்லை, அனுமதியையும் கொடுக்கவில்லை. இத்தகைய முடிவைப் பெறும் பெற்றோருக்கு அந்த நிலை பற்றிய சரியான, புதிய தகவலும் உதவி அமைப்புகளின் விவரமும் கிடைக்கவேண்டும் என்றது. கருக்கலைப்பை எதிர்ப்பவரும் ஆதரிப்பவருமாக இரு கட்சிச் செனட்டர்கள் சேர்ந்து கொண்டுவந்தது அது.

இதன் அருமை எனக்கு விளங்கியது வெள்ளவத்தையில். சிசுவுக்குக் குறைபாடு இருக்குமா என்று பார்க்கும், உறவுக்காரப் பெண்ணொருத்தியின் 12ஆம் வாரச் சோதனை முடிவை வாசித்துச் சொல்லும்படி கேட்டார்கள். ஆங்கிலத்தில் ஒரேயொரு தாள்; நடுவில் 1:90 என்ற எண். “அப்ப தொண்ணூறு வீதமோ தம்பி?” என்றார் மாமி. முந்தின நாள் மாலையிலிருந்து அந்த வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிட்டிருக்கவில்லை. இப்படி எண் வரும் 90 கர்ப்பங்களில் 89இல் அந்தக் குறைபாடு இருக்காது என்பதையும், இது வாய்ப்பைக் கணிக்கும் சோதனைதானே தவிர நோயை உறுதிசெய்யும் சோதனை அல்ல என்பதையும் நான் ஒரு பேனாவால் தாளின் பின்புறத்தில் வட்டங்கள் போட்டுக் காட்டவேண்டியிருந்தது. தாளைக் கொடுத்த இடத்தில் அதைச் சொல்ல எவருக்கும் 5 நிமிடம் இருக்கவில்லை.

இலங்கையில் 1995இல் பாலியல் வல்லுறவு, முறைதகாப் புணர்ச்சி, சிசுவின் பிறவிக் குறைபாடு ஆகியவற்றுக்கு விலக்களிக்கும் திருத்தம் பாராளுமன்றம் வரை போய்க் கைவிடப்பட்டது; 2017இல் மீண்டும் எழுந்த முயற்சி சமயத் தலைவர்களின் எதிர்ப்போடு நின்றுபோனது. அடுத்த வரைவு வருமானால், பிறந்தாலும் உயிர் தங்காத குறைபாட்டை மட்டும் தனியே குறித்து விலக்களிப்பதையே நான் விரும்புவேன். வாழக்கூடிய நிலைகளின் பெயர்ப் பட்டியல் ஒன்றைச் சட்டத்தில் ஏற்றுவதை விரும்பமாட்டேன். இரண்டுக்கும் இடையில் கடும் இதயக் குறைபாடு போன்றவை எந்தப் பக்கம் விழும் என்பது மருத்துவர்களுக்கே கடினமான கேள்வி. அதை நிபுணர் குழுவிடம் விடுவதென்றால், இந்தியா 2021இல் செய்ததுபோல், குழு எத்தனை நாளுக்குள் பதில் சொல்லவேண்டும் என்பதையும் எழுதிவிடவேண்டும். கூடவே, முடிவுத் தாள் தாய்க்குத் தெரிந்த மொழியில், எண்ணின் பொருளோடு கொடுக்கப்படவேண்டும் என்ற ஒரு வரியும். அந்த ஒரு வரிக்கு 303ஆம் பிரிவைத் தொடவே தேவையில்லை. சுகாதார அமைச்சின் சுற்றறிக்கை ஒன்று போதும்.