கடலோரத்துக் காருக்கு எந்தச் சீட்: பழையதைச் சீர்செய்வதா, பக்கெட் சீட்டுக்கு மாறுவதா?

புதுச்சேரி முத்தியால்பேட்டையிலிருந்து கடலூர் சிப்காட்டுக்கு தினமும் காரில்தான் வேலைக்குப் போய் வருகிறேன். போக வர 60 கிலோமீட்டருக்கு மேல் வரும். அரியாங்குப்பம், தவளக்குப்பம், கிருமாம்பாக்கம், கன்னியக்கோயில் என்று ஊருக்கு ஊர் வேகத்தடை. என்னுடையது 2015 ஸ்விஃப்ட், பெட்ரோல். ஏழு வருடம் ஓடிய பிறகும் என்ஜின் நன்றாக இருந்தது, ஓட்டுநர் சீட்தான் போய்விட்டது. ஏறி இறங்கும்போது உடம்பு உரசுகிற வலது விளிம்பு நசுங்கித் தட்டையாகிவிட்டது. ஃபோமும் அமுங்கி, உட்கார்ந்தால் உடம்பு ஒரு பக்கமாகச் சரிந்தது. ரெட்டிச்சாவடி தாண்டுவதற்குள் இடுப்பில் வலி பிடித்துவிடும்.

2022-இல் இனி தள்ளிப்போட முடியாது என்று ஆனபோது என் முன்னால் மூன்று வழிகள் இருந்தன. குஷன் கடையில் கொடுத்துப் பழைய சீட்டையே புது ஃபோம் வைத்துச் சீர்செய்வது ஒன்று. பக்க விளிம்புகள் உயர்ந்து உடம்பை அணைத்துப் பிடிக்கிற, முதுகு சாய்கிற பக்கெட் சீட் வாங்குவது இன்னொன்று. பந்தயக் கார்களில் இருப்பது போல ஒரே வார்ப்பாக இருக்கும், முதுகு சாயாத முழு பக்கெட் மூன்றாவது. நான் எடுத்தது இரண்டாவது, அதுவும் ஓட்டுநர் பக்கம் மட்டும். மூன்று வருடத்துக்கு மேல் ஓட்டிவிட்டேன். இன்றைக்குக் கேட்டாலும் அதையேதான் எடுப்பேன். அதனால் கீழே இருப்பது நடுநிலையான தீர்ப்பு இல்லை, என் தேர்வுக்கான காரணங்கள்.

விலையில் பெரிய ரகசியம் இல்லை. குஷன் வேலைதான் மலிவு. எனக்கு 6,500 ரூபாய் கேட்டார்கள். பக்கெட் சீட்டும் அதைப் பொருத்தும் அடிச்சட்டமும் சேர்ந்து அதைப் போல ஆறேழு மடங்கு ஆனது. மறுவிற்பனைக்குப் பயப்பட வேண்டாம். பழைய சீட்டைத் துணி போட்டு மூடிப் பரணில் வைத்திருக்கிறேன், விற்கும்போது நான்கு போல்ட்டைக் கழற்றி அதையே திரும்பப் பொருத்திவிடலாம். தோற்றம் அவரவர் விருப்பம்.

சரி, பக்கெட் சீட் அப்படி என்னதான் செய்கிறது? வளைவில் கார் திரும்பும்போது நம் உடம்பு வெளிப்பக்கம் போகப் பார்க்கும். 75 கிலோ எடையுள்ள ஒருவரை, அரை ஜி (புவியீர்ப்பில் பாதி) அளவுக்குத் திரும்பும் வளைவு கிட்டத்தட்ட 37 கிலோ விசையோடு பக்கவாட்டில் தள்ளுகிறது. தட்டையான சீட்டில் அந்தத் தள்ளலை நாம் சமாளிப்பது ஸ்டியரிங்கைப் பிடித்துத் தொங்கியும், இடது காலை ஊன்றியும், முழங்காலைக் கதவில் முட்டுக் கொடுத்தும்தான். திருப்ப வேண்டிய கையே பிடிமானமாகவும் இருக்க வேண்டியிருக்கிறது. பக்கெட்டில் இடுப்பையும் விலாவையும் சீட்டே பிடித்துக்கொள்கிறது. கை தளர்ந்துவிடும், டயர் சாலையில் எவ்வளவு பிடிக்கிறது என்பது ஸ்டியரிங் வழியாக விரலுக்குத் தெரிய வரும். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளைப் பழைய சீட்டிலும் ஏறியிருக்கிறேன், புதியதிலும் ஏறியிருக்கிறேன். பழையதில் மேலே போய்ச் சேரும்போது தோள்பட்டை கடுத்துப்போகும். புதியதில் காரை விட்டு இறங்கியதும் நேராக டீக்கடைக்கு நடந்தேன்.

மலையும் வேகமும் எப்போதாவது வருகிற நாட்கள்தான். எனக்குப் பெரிய ஆச்சரியம் தினசரி ஓட்டத்தில் கிடைத்தது. அரியாங்குப்பத்தில் ஒரு ஷேர் ஆட்டோ சட்டென்று நின்றால் பிரேக்கை அழுத்துவோம். பழைய சீட்டில் உடம்பு முன்னால் வழுக்கும், மறுபடி பின்னால் தள்ளி உட்கார வேண்டும். இப்படி ஒரு பயணத்தில் முப்பது தடவை. பக்கெட்டில் தொடைக்கு அடியில் முன்பக்கம் உயர்ந்திருப்பதால் உட்கார்ந்த இடத்திலேயே இருக்கிறேன். வலியை உண்டாக்கியது மெத்தையின் கடினமோ மென்மையோ இல்லை, ஓயாத இந்தச் சின்னச் சின்ன நகர்வுகள்தான் என்பது மாற்றிய பிறகே புரிந்தது. இடுப்பு வலி இரண்டு மாதத்தில் போனது. எல்லோருக்கும் அப்படிப் போகும் என்று உறுதி சொல்ல மாட்டேன். என் உடம்பு நடுத்தர அளவு. இடுப்பு அகலமானவர்களுக்கு இதே சீட் இரண்டு பக்கமும் அழுத்தி வேதனை தரும். கடையில் இரண்டு நிமிடம் உட்கார்ந்து பார்த்து முடிவு செய்யாதீர்கள். இருபது நிமிடமாவது உட்காருங்கள்.

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்த விஷயம், பராமரிப்பு. சீட்டைப் பற்றிப் பேசுகிறவர்கள் பிடிமானம், தோல், நிறம் என்று எல்லாம் பேசுவார்கள், இதைத் தொட மாட்டார்கள். கோயம்புத்தூரிலோ பெங்களூரிலோ இருந்தால் நானும் தொட்டிருக்க மாட்டேன். புதுச்சேரியிலும் கடலூரிலும் சீட்டைத் தேய்மானம் அழிப்பதை விட, ஈரமும் உப்பும் வியர்வையும்தான் அதிகம் அழிக்கின்றன. மரக்காணத்தில் உப்பளம் வைத்துப் பிழைக்கிற கடற்கரை இது. வாசலில் நிறுத்திய காரின் கண்ணாடியைக் காலையில் விரலால் தொட்டு நாக்கில் வைத்தால் கரிக்கும். அதே காற்றுதான் கதவு திறக்கும்போதெல்லாம் உள்ளே போய், சீட் முன்பின் நகர்கிற இரும்பு ரெயிலில் படிகிறது.

முதலில் துணி. ரெக்ஸின் உறை துடைக்க எளிது, ஆனால் கத்திரி வெயிலில் மதியம் ஷிப்ட் முடிந்து வந்து உட்கார்ந்தால் முதுகு சுடும், பத்து நிமிடத்தில் சட்டை ஒட்டிக்கொள்ளும். பக்கெட் சீட் உடம்பை மூன்று பக்கமும் தழுவுவதால் காற்றுப் போக இடம் குறைவு. ஆகவே பக்கெட்டில் ரெக்ஸின் எடுத்தால் சாதாரண சீட்டை விட மோசமாக இருக்கும். துணி உறை எடுங்கள், அதிலும் முதுகுப் பகுதி வலை போல நெய்ததாக இருந்தால் இன்னும் நல்லது. வியர்வை ஊறத்தான் செய்யும், ஆனால் துவைக்கலாம். என் சீட்டின் உறையில் அடிப்பக்கம் ஜிப் இருக்கிறது. நான்கு மாதத்துக்கு ஒரு முறை கழற்றி, சோப்புத்தூள் கரைத்த தண்ணீரில் கையால் அலசி, நிழலில் உலர்த்துகிறேன். காரோடு வந்த கம்பெனி சீட்டில் இது வீட்டில் நடக்கிற வேலை இல்லை. அதன் துணியைச் சின்னக் கம்பி வளையங்களால் ஃபோமோடு இழுத்துக் கட்டியிருப்பார்கள். ஒவ்வொன்றாக வெட்டி எடுத்து, மறுபடி புது வளையம் போட்டு முறுக்க வேண்டும்.

இந்த வித்தியாசம் எவ்வளவு பெரியது என்பதை ஃபெஞ்சல் புயல் காட்டியது. 2024 நவம்பர் 30 இரவு புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தது, ஒரே நாளில் அரை மீட்டரை நெருங்கும் மழை கொட்டியது. அன்று என் கார் ரெயின்போ நகரில் அக்கா வீட்டு வாசலில் நின்றது. காலையில் பார்த்தால் காருக்குள் தண்ணீர், இரண்டு முன் சீட்டுகளின் அடிப்பாகமும் ஊறிக் கிடந்தது. தண்ணீர் வடிந்ததும் பக்கெட்டைக் கழற்றி மாடிக்குத் தூக்கிப் போனேன். உறையை உருவி, ஃபோமைத் தனியாக எடுத்துச் சாய்த்து வைத்தேன். வெயில் வந்த மூன்றாம் நாள் அது காய்ந்துவிட்டது. இடது பக்கக் கம்பெனி சீட்டையும் கழற்றி அதே மாடியில் வைத்தேன். மேலே தொட்டால் உலர்ந்தது போலத்தான் இருந்தது. காரில் பொருத்தி ஏசி போட்ட நான்காம் நாள் நாற்றம் கிளம்பியது. ஜனவரியில் துணியில் கரும்புள்ளியாகப் பூஞ்சை. இரண்டு சீட்டும் நனைந்தது ஒரே தண்ணீரில்தான். ஒன்றைப் பிரித்துக் காயவைக்க முடிந்தது, மற்றதைப் பிரிக்க முடியவில்லை.

துருவிலும் ஒரு பாடம் கற்றேன். பக்கெட்டைக் காரின் தரையில் பொருத்தத் தனியாக ஓர் அடிச்சட்டம் வேண்டும். முதலில் இங்கேயே ஒரு வெல்டிங் பட்டறையில் ஆங்கிள் இரும்பை வைத்துச் செய்து வாங்கினேன். பெயின்ட் அடித்துத்தான் கொடுத்தார்கள். ஆனால் ஆறு மாதத்தில் வெல்டிங் ஓரங்களில் துரு எட்டிப் பார்த்தது, ஒவ்வொரு வேகத்தடையிலும் ‘கிர்க்’ என்று முனகியது. உயிரைத் தாங்குகிற இரும்பில் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு ஓட்ட எனக்கு மனம் வரவில்லை. அதைத் தூக்கிப் போட்டுவிட்டு, இந்தக் கார் மாடலுக்கென்றே வருகிற, பவுடர் கோட்டிங் செய்த சட்டத்தைச் சென்னையிலிருந்து வரவழைத்தேன். முதலிலேயே அதைச் செய்திருக்க வேண்டும். இன்னொன்று, துருப்பிடிக்காதே என்று ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போல்ட் போடச் சொல்வார்கள். சீட்டுக்கு வேண்டாம். கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கும் ஏ2-70 வகை ஸ்டெயின்லெஸ் போல்ட், தலையில் 8.8 என்று பொறித்த எஃகு போல்ட்டை விட வலு குறைந்தது. கம்பெனி போட்ட போல்ட்டையோ, அதே தர எண் உள்ளதையோதான் போட வேண்டும். துருவுக்கு வருடம் ஒரு முறை கழற்றித் துடைத்து கிரீஸ் தடவினால் போதும். நான் அதை ஐப்பசி மழைக்கு முன் செய்துவிடுகிறேன்.

முழு பக்கெட்டைப் பற்றி என்னால் அதிகம் பேச முடியாது. சென்னை அருகே இருங்காட்டுக்கோட்டை பந்தயத் தடத்துக்கு ஒரு முறை நண்பரின் காரில் போனேன். போகும்போது கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாக 150 கிலோமீட்டர் அந்தச் சீட்டில் உட்கார்ந்தது, அப்புறம் தடத்தில் சில சுற்று, அவ்வளவுதான் என் அனுபவம். தடத்தில் அதற்கு ஈடே இல்லை என்று தயங்காமல் சொல்வேன், உடம்பும் காரும் ஒன்றாகிவிடுகிறது. கண்ணாடி இழைக் கூட்டின் மேல் மெல்லிய ஃபோம் திண்டுகளை ஒட்டியிருப்பார்கள், அதைப் பிய்த்துக் காயவைப்பது என் சீட்டை விடவும் எளிது. சாய்க்கும் பொறி இல்லாததால் துருப்பிடிக்கவும் ஒன்று குறைவு. ஆனால் மாமல்லபுரம் போகும் முன்பே ஒவ்வொரு குழியும் வால் எலும்பில் வந்து மோதியது. ஏறி இறங்க உயர்ந்த விளிம்பைத் தாண்ட வேண்டும். நீண்ட பயணத்தில் ஓரமாக நிறுத்தி முதுகைச் சாய்த்து அரை மணி நேரம் கண்ணயர வழியே இல்லை. பந்தயத்துக்கென்று வாங்குகிறவர்கள் உலக மோட்டார் பந்தய அமைப்பான எஃப்.ஐ.ஏ.-வின் 8855-1999 தர லேபிள் ஒட்டியிருக்கிறதா, அதில் எந்த ஆண்டு அச்சிடப்பட்டிருக்கிறது என்று பார்க்க வேண்டும். அந்தத் தரத்துச் சீட்டுக்குத் தயாரித்த நாளிலிருந்து ஐந்து ஆண்டுதான் செல்லுபடி. ரெகாரோ, ஸ்பார்கோ, பிரைட் என்ற சீட் கம்பெனிகளின் பெயரை ஒட்டிய போலிகள் சந்தையில் நிறைய இருக்கின்றன. எழுத்துத் தைத்த நேர்த்தியை மட்டும் பார்த்து ஏமாற வேண்டாம், உள்ளே இருக்கும் எஃகுச் சட்டத்தைப் பார்க்கக் கேளுங்கள்.

பாதுகாப்பில் விட்டுக்கொடுக்கவே கூடாதவை சில. உங்கள் சீட்டின் பக்கவாட்டில் ஏர்பேக் இருந்தால் பக்கெட்டை மறந்துவிடுங்கள். என் பழைய ஸ்விஃப்டில் அது இல்லை, அதனால்தான் துணிந்தேன். 2024-இல் வந்த புது ஸ்விஃப்டில் ஆறு ஏர்பேக் எல்லா வகையிலும் உண்டு. அதை வைத்திருப்பவர் சீட்டைக் கழற்றினால் விலா எலும்புக்கான காப்பையே கழற்றுகிறார். சீட்டுக்கு அடியில் மஞ்சள் நிற இணைப்பு தெரிந்தால் அது ஏர்பேக் சம்பந்தப்பட்டது, கை வைக்காதீர்கள். அடுத்தது பெல்ட். பக்கெட்டின் தொடைப்பக்க விளிம்பு அதிகம் உயர்ந்திருந்தால், இடுப்புப் பட்டை எலும்பின் மேல் படாமல் விளிம்பின் மேல் பாலம் போலத் தொங்கும். விபத்தில் அது வயிற்றைத்தான் அறுக்கும். விளிம்பு தாழ்ந்ததாகவோ, பட்டை நுழையத் திறப்பு உள்ளதாகவோ பார்த்து வாங்க வேண்டும். நான்கு முனைப் பட்டை அழகாக இருக்கிறது என்று தெருவில் ஓட்டும் காருக்கு மாட்ட வேண்டாம், கார் வந்தபோது இருந்த மூன்று முனைப் பட்டையே போதும். இருக்கைகளின் எண்ணிக்கை ஆர்.சி. புத்தகத்தில் உள்ள விவரம், அதை மாற்றுவது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவில் போய் முட்டும். ஒன்றுக்கு ஒன்றாக மாற்றினாலும் காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவித்துவிடுங்கள், நான் அப்படித்தான் செய்தேன்.

பழைய சீட்டைச் சீர்செய்வதைக் குறைத்துச் சொல்லவில்லை. மலைப்பக்கம் போகாதவர்கள், தினமும் பத்து கிலோமீட்டருக்குள் ஓட்டுகிறவர்கள், ஒரே காரை வீட்டில் நாலு பேர் ஓட்டுகிறவர்கள் எல்லோருக்கும் அதுதான் சரி. ஃபோமின் அடர்த்தியைக் கேட்டு, நல்லதாகப் போடச் சொன்னால் ஐந்து வருடம் தாராளமாக வரும்.

பூஞ்சை பிடித்த அந்த இடது சீட்டுக்கும் பக்கெட் போடலாமா என்று ஜனவரியில் யோசித்தேன். அம்மா புடவையோடு ஏறி உட்காருகிற சீட் அது. உயர்ந்த விளிம்பில் கொசுவம் சிக்கும், முழங்கால் வலியோடு அவர்களால் அதைத் தாண்டவும் முடியாது. வில்லியனூரில் குஷன் வேலை செய்கிற பாயிடம் எடுத்துப் போனேன். என் பக்கெட் உறையைக் காட்டி, இதே மாதிரி கழற்றித் துவைக்கிற மாதிரி வேண்டும் என்றேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார். “கம்பி வளையம் போட்டாத்தான் தம்பி துணி விறைப்பா நிக்கும். ஆனா உங்க ஊரு தண்ணிக்கு இதுதான் சரி. போட்டுத் தரேன், லேசா சுருக்கம் விழும், பரவாயில்லையா?” என்றார். பரவாயில்லை பாய் என்று சொல்லிவிட்டு வந்தேன். சுருக்கம் விழுந்துதான் இருக்கிறது. போன வாரம் அந்த உறையையும் பக்கெட் உறையையும் ஒன்றாக அலசி மாடிக் கொடியில் போட்டேன்.