எம்பிஏ ப்ராஜெக்ட்டுக்கு சென்டர் தேடுறவங்க இதைப் படிச்சுட்டுப் போங்க: எனக்கு 18,500 ரூபாய் போச்சு

நேற்று சாயங்காலம் நடந்தது. ஆத்திரம் அடங்குவதற்குள் எழுதிவிடுகிறேன். கோவையில் மாடிக்கு மாடி போர்டு மாட்டியிருக்கிற, காசு வாங்கிக்கொண்டு மாணவர்களுக்கு ப்ராஜெக்ட் செய்துகொடுக்கிற சென்டர்களில் ஒன்றில் 18,500 ரூபாயைக் கொடுத்து ஏமாந்து நிற்கிறேன்.

எம்பிஏ கடைசி செமஸ்டர். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் டெய்லர்கள் ஏன் வேலையை விட்டு நிற்கிறார்கள் என்பது என் தலைப்பு. மொத்தம் 280 டெய்லர்கள். மொத்த எண்ணிக்கைக்கு எத்தனை பேரிடம் கேட்டால் போதும் என்று சொல்லும் கிரெஜ்சி மார்கன் அட்டவணைப்படி 162 பேரிடம் கேட்க வேண்டும். 28 கேள்விகளையும் நானே தமிழில் எழுதினேன். சாப்பாட்டு நேரத்தில் அவர்களோடு தரையில் உட்கார்ந்து 60 பேரிடம் படிவம் நிரப்பி வாங்கியும்விட்டேன். அப்புறம் எனக்கு அம்மை போட்டுவிட்டது. தேதி நெருங்கியது. மீதி 102 பேருக்காகத்தான் அங்கே போனேன்.

சென்டர் நடத்துகிற ஆள் என் 60 படிவங்களையும் ஒவ்வொன்றாகப் புரட்டிப் படித்தார். "நல்லா பண்ணியிருக்கீங்க கண்ணு. மீதிய நம்ம பசங்க ஷிப்ட் முடியறப்ப கேட்டுல நின்னு வாங்கிருவாங்க. எஸ்பிஎஸ்எஸ்ல போட்டு ரிப்போர்ட்டும் குடுத்தர்றோம்" என்றார். எஸ்பிஎஸ்எஸ் என்பது புள்ளிவிவரக் கணக்குப் போடும் மென்பொருள். அவர் அவ்வளவு பொறுமையாகப் படித்ததைப் பார்த்துத்தான் நம்பினேன். அட்வான்ஸ் 10,000. ரிப்போர்ட்டைக் கண்ணில் காட்டும் முன்பே மீதி 8,500. அம்மா சீட்டு எடுத்து வைத்திருந்த பணம்.

கைடு மேடம் அவர்கள் கொடுத்த எக்செல் ஷீட்டைத் திறந்து ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. "இந்தப் பொண்ணுக்கு வயசு 19, அனுபவம் 14 வருஷம்னு இருக்கே?" என்றார். 77ஆவது வரிசை. அதில் கடைசிக் கேள்விக்கு இருந்த பதிலைப் படித்ததும் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. 'புள்ளைக்கி காச்சல்னா லீவு இல்ல, அதா நின்னுக்கலாம்னு.' என் பக்கத்தில் உட்கார்ந்து ஓர் அக்கா எழுதிக்கொடுத்தது அது. 17ஆவது வரிசையில் இருக்கிறது, 77இல் இருக்கிறது, 137இலும் இருக்கிறது. என் 60 பேரையே திரும்பத் திரும்ப ஒட்டி, வயதை மட்டும் மாற்றி 162 ஆக்கியிருக்கிறார்கள். கேட்டில் ஒருத்தரும் போய் நிற்கவில்லை. இதை வைத்து அந்தக் கம்பெனிக்கு நான் பரிந்துரை எழுதிக் கொடுக்கவிருந்தேன்!

ரிப்போர்ட்டின் நான்காம் அத்தியாயத்தில் டெய்லர்கள் இருக்க வேண்டிய இடத்தில் 'வங்கி வாடிக்கையாளர்கள்' என்று இருக்கிறது. காப்பி சோதனையில் 47 சதவீதம். பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) 2018 விதிப்படி 40ஐத் தாண்டினால் ஒரு வருடத்துக்குத் திருத்திக்கூடச் சமர்ப்பிக்க முடியாது. டிராஃப்டிலேயே மேடம் பிடித்ததால் தப்பித்தேன்.

போன் செய்தால், "டேட்டா டீம்ல கேட்டுச் சொல்றேன் கண்ணு." மறுநாள் வேறு யாரோ எடுத்து, "சார் கிளாஸ்ல இருக்காருங்க." அதற்குப் பிறகு வாட்ஸ்அப்பில் ப்ளூ டிக் மட்டும். நேற்று நேரிலேயே போனேன். "எல்லாக் காலேஜ்லயும் இப்படித்தான் பாஸாகுது. உங்க மேடத்துக்குத்தான் எஸ்பிஎஸ்எஸ் தெரியல. ரீவொர்க் வேணும்னா 4,000 ஆகும்." 18,500 வாங்கிய வாய் கூசாமல் இன்னும் 4,000 கேட்கிறது. பில் கேட்டேன், போடுவதில்லையாம். என் 60 படிவங்களையாவது கொடுங்கள் என்றேன். பழைய பேப்பரோடு போட்டுவிட்டார்களாம்.

என்னென்ன பார்க்க வேண்டும் என்று விரிவாக எழுத நினைத்தேன், இப்போது முடியவில்லை. பில் இல்லாமல் ஒரு ரூபாய் கொடுக்காதீர்கள். ஒரிஜினல் படிவத்தைக் கையை விட்டு விடாதீர்கள், ஜெராக்ஸ் போதும். கைடு பார்க்கும் வரை பாக்கியைக் கொடுக்காதீர்கள். எஸ்பிஎஸ்எஸ் மாதிரியே கணக்குப் போடும் ஜமோவி, பிஎஸ்பிபி இரண்டும் இலவசம், நாமே போட்டுப் பார்க்கலாம். ஏமாந்திருந்தால் நுகர்வோர் உதவி எண் 1915. நான் இன்று காலை கூப்பிட்டுப் புகார் பதிந்துவிட்டேன்.

திங்கட்கிழமை 162 புதுப் படிவங்களோடு திருப்பூர் போகிறேன். அந்த அக்கா இன்னும் வேலையில் இருக்கிறாரா, நின்றுவிட்டாரா தெரியவில்லை.