பணத்தை மாதக்கணக்கில் எண்ணிய 17 ஆண்டுகள்

2009 ஜனவரியில் ஒரு ஸ்ப்ரெட்ஷீட் திறந்தேன். அதில் நாலே பத்திகள்: தேதி, சேமிப்பின் மொத்தம், கடைசி 12 மாதச் செலவின் சராசரி, மொத்தத்தைச் செலவால் வகுத்தால் வரும் எண். அந்தக் கடைசிப் பத்திக்கு 'மாதம்' என்று தலைப்பு வைத்தேன். இன்றைக்கே சம்பளம் நின்றுபோனால் இதே செலவில் எத்தனை மாதம் ஓட்டலாம் என்று அது சொல்லும். முதல் வரியில் 11 என்று இருந்தது. போன மாத வரியில் 184. இடையில் ஒரு பெரிய சரிவு, ஒரு வேலையிழப்பு, ஒரு விலைவாசிப் புயல் எல்லாம் வந்துபோயின. ஓய்வுக்காலச் சேமிப்பை இப்படி எண்ணியதில் என்ன கிடைத்தது, எங்கே ஏமாந்தேன் என்பதை எழுதி வைக்கலாம் என்று தோன்றியது.

தொடங்கியதற்குக் காரணம் 2008. செப்டம்பர் 15 அன்று லேமன் பிரதர்ஸ் என்ற பெரிய அமெரிக்க முதலீட்டு வங்கி திவாலானபோது எனக்கு 34 வயது. பங்கு ஃபண்டுகளில் மூன்று ஆண்டுகளாகப் போட்டு வந்த பணத்தில் அக்டோபருக்குள் பத்துக்கு நாலு பங்கு காணாமல் போயிருந்தது. அலுவலகத்தில் சம்பளத்தைக் குறைக்கப் போகிறார்கள் என்று பேச்சு. ஒரே காலையில் எல்லாவற்றையும் விற்றேன். பல வருடம் அதை 'பயந்துபோய் விற்றேன்' என்றுதான் மற்றவர்களிடம் சொல்லி வந்தேன். பிறகு பழைய கணக்குகளைப் புரட்டியபோதுதான் உண்மை புரிந்தது. அன்று வங்கியில் உடனே எடுக்கக்கூடியதாக இருந்த பணம் 20 நாள் செலவுக்குக்கூடக் காணாது. மற்றதெல்லாம் பூட்டி வைத்தவை. அந்த நிலையில் யாராக இருந்தாலும் விற்றிருப்பார்கள். தைரியம் இல்லாமல் போனதற்குக் காரணம் கையில் ரொக்கம் இல்லாததுதான்.

அந்தத் தவறின் விலை மெதுவாகத்தான் தெரிந்தது. அமெரிக்காவின் பெரிய நிறுவனப் பங்குகளின் போக்கைக் காட்டும் எஸ் அண்ட் பி 500 குறியீடு 2007 அக்டோபர் உச்சத்திலிருந்து 2009 மார்ச் 9 வரை சுமார் 57% இறங்கியது. பழைய உச்சத்தை 2013இல் தாண்டியது. நான் திரும்பிப் பங்குப் பக்கம் போனது 2011இல். ஏற்றத்தில் பெரும்பகுதியை வேடிக்கை பார்த்தவன் நான்.

சரி, ஏன் மாதக்கணக்கு? பணத்தொகை பொய் சொல்லும். சேமிப்பு இரட்டிப்பானது என்று ஒருவர் சொன்னால் நமக்குச் சந்தோஷம். அதே காலத்தில் செலவும் இரட்டிப்பாகியிருந்தால் அவர் நின்ற இடத்திலேயே நிற்கிறார். விலைவாசி ஆண்டுக்கு 6% ஏறினால், 72ஐ 6ஆல் வகுக்கும் பழைய கணக்குப்படி, 12 ஆண்டுகளில் அதே வாழ்க்கைக்கு இரண்டு மடங்கு பணம் வேண்டும். மாதக்கணக்கில் இது தானாகவே கழிந்துவிடும். பணவீக்கத்துக்கு என்று தனிப் பத்தி வேண்டாம், அரசு சொல்லும் விகிதம் என் வீட்டுக்குப் பொருந்துமா என்ற குழப்பமும் வேண்டாம். என் வீட்டு விலைவாசி என் செலவிலேயே இருக்கிறது.

இன்னொரு விஷயம் எனக்கு முதல் வருடமே பிடிபட்டது. சம்பளம் 100, செலவு 80 என்றால் மிச்சம் 20. ஒரு மாதம் உழைத்தால் கால் மாதம் கிடைக்கிறது. செலவை 60க்குக் கொண்டுவந்தால் மிச்சம் 40, ஆனால் ஒரு மாதச் செலவு இப்போது 60தான். ஆக ஒரு மாத உழைப்புக்கு முக்கால் மாதத்துக்குக் கொஞ்சம் குறைவாகக் கிடைக்கிறது. செலவில் கால்வாசியைக் குறைத்தால் வேகம் இரண்டரை மடங்குக்கு மேல் கூடுகிறது! எந்த ஃபண்டும் எனக்கு இதைத் தந்ததில்லை. 2013இல் வாகனக் கடன் முடிந்த அடுத்த ஆண்டு என் எண் துள்ளிக் குதித்ததும் இதனால்தான். அப்போது சந்தையால்தான் என்று நினைத்துக்கொண்டு கொஞ்சம் பெருமைப்பட்டேன். பிறகு பிரித்துப் பார்த்தால் பாதிக்கு மேல் கடன் முடிந்த கதை.

ஆனால் இருக்கும் செலவை வெட்டுவது எவ்வளவு கஷ்டம் என்று குடும்பம் நடத்துகிறவர்களுக்குத் தெரியும். எனக்கு வேலை செய்தது வேறு வழி. ரிச்சர்ட் தேலர், ஷ்லோமோ பெனார்ட்சி என்ற இரண்டு பொருளாதார ஆய்வாளர்கள் 2004இல் வெளியிட்ட ஓர் ஆய்வு உண்டு. இனி வரும் சம்பள உயர்வில் ஒரு பங்கு சேமிப்புக்குப் போகும் என்று ஊழியர்களை முன்கூட்டியே ஒப்புக்கொள்ள வைத்தார்கள். இன்றைய சம்பளத்தில் கை வைக்கவில்லை. சேர்ந்தவர்களின் சேமிப்பு விகிதம் 40 மாதங்களில் 3.5%இலிருந்து 13.6% ஆனது. நான் பாதிப் பாதி என்று வைத்துக்கொண்டேன்: உயர்வு வந்த மாதமே அதில் பாதி தானாகச் சேமிப்புக் கணக்குக்குப் போய்விடும். வீட்டில் யாரும் எதையும் இழந்ததாக உணரவில்லை. மீதிப் பாதியில் வாழ்க்கையும் கொஞ்சம் வசதியானது.

அப்புறம், எத்தனை மாதம் சேர்ந்தால் போதும்? 1994 அக்டோபரில் வில்லியம் பெங்கன் என்ற அமெரிக்க நிதி ஆலோசகர் ஒரு கட்டுரை எழுதினார். 1926 முதலான அமெரிக்கச் சந்தைத் தரவுகளை வைத்து, முதல் ஆண்டு சேமிப்பில் 4% எடுத்து, பிறகு ஒவ்வோர் ஆண்டும் விலைவாசிக்கு ஏற்பக் கூட்டி எடுத்தால், மோசமான காலத்தில் ஓய்வு பெற்றவருக்கும் 30 ஆண்டுகள் தாங்கியது என்று காட்டினார். 4% என்றால் ஓர் ஆண்டுச் செலவைப் போல 25 மடங்கு, என் கணக்கில் 300 மாதம். பின்னாளில் அவரே அதை 4.7% என்று உயர்த்தினார். அது 255 மாதம். நான் 300ஐயே வைத்திருக்கிறேன். அவருடையது ஒரு நாட்டின் வரலாறு, அதுவும் ஜெயித்த நாட்டின் வரலாறு. ஜப்பானின் நிக்கேய் பங்குச் சந்தைக் குறியீடு 1989 கடைசியில் 38,915இல் முடிந்தது. அந்த உச்சத்தை மறுபடி தாண்டியது 2024 பிப்ரவரியில். 34 ஆண்டுகள்! 'சந்தை எப்படியும் மீண்டுவிடும்' என்று யாராவது சொன்னால் 'யாருடைய ஆயுளுக்குள்?' என்று கேட்கத் தோன்றுகிறது. அதனால்தான் ஒரே நாட்டுப் பங்குகளில் எல்லாவற்றையும் வைப்பதை 2015க்குப் பிறகு நிறுத்திவிட்டேன்.

உண்மையான சோதனை 2020. ஜனவரியில் என் எண் 130. அதில் 9 மாதம் ரொக்கம், 40 மாதம் வைப்புகளும் கடன் பத்திரங்களும், 81 மாதம் பங்குகள். பிப்ரவரி 19க்கும் மார்ச் 23க்கும் நடுவில் எஸ் அண்ட் பி 34% இறங்கியது. என் பங்குப் பகுதியும் ஏறக்குறைய அதே அளவு விழுந்து, 27 மாதம் போயே போய்விட்டது. இரண்டேகால் வருட வாழ்க்கை, ஐந்து வாரத்தில். தொகையாகப் பார்த்திருந்தால் இவ்வளவு வலித்திருக்காது. மாதக்கணக்கின் முதல் குறை இதுதான். இழப்பைக் காலமாக மாற்றிக் காட்டும்போது நெஞ்சில் நேராக இறங்குகிறது.

ஜூனில் வேலையும் போனது. எட்டு மாதம் சம்பளம் இல்லை. அந்த எட்டு மாதமும் 9 மாத ரொக்கத்திலேயே ஓடின. எங்கும் போகாத காலம், செலவும் இறங்கியதால் இரண்டு மாதத்துக்கு மேல் மிச்சம்கூட இருந்தது. பங்குகளை ஒன்றுகூடத் தொடவில்லை. ஆகஸ்ட் 18 அன்று எஸ் அண்ட் பி புதிய உச்சத்தில் முடிந்தபோது நான் இன்னும் வேலை தேடிக்கொண்டிருந்தேன்.

அந்த 9 மாத ரொக்கத்தை எத்தனை பேர் கேலி செய்திருக்கிறார்கள் தெரியுமா? 'சும்மா கிடக்கிறதே, வட்டியே வராதே' என்று. வருடா வருடம் அது விலைவாசியிடம் தோற்றுக்கொண்டேதான் இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் 2008இல் 20 நாள் பணத்தோடு நான் கொடுத்த விலையோடு ஒப்பிட்டால், 11 வருடம் அது தோற்றதெல்லாம் சில்லறை. ஒரு முகவர் அதைக் காப்பீடும் முதலீடும் கலந்த ஒரு திட்டத்தில் போடச் சொல்லி மூன்று முறை வீட்டுக்கு வந்தார். ஐந்து வருடப் பூட்டு உள்ள இடத்தில் அவசரப் பணத்தை வைக்கச் சொல்கிறவரிடம் என்ன பேசுவது? தேநீர் கொடுத்து அனுப்பினோம்.

2022 வேறு மாதிரியான அடி. பங்கு இறங்கினால் பத்திரம் தாங்கும் என்று எல்லாரும் நம்பிக்கொண்டிருந்தோம். அந்த ஆண்டு இரண்டும் சேர்ந்தே விழுந்தன, விலைவாசியை அடக்க வட்டி விகிதங்களை வேகமாக உயர்த்தினார்கள் என்பதால். அமெரிக்காவில் ஜூனில் பணவீக்கம் 9.1%, பிரிட்டனில் அக்டோபரில் 11.1%. என் வீட்டிலும் அந்தச் சூடு தெரிந்தது. 2021 கடைசியில் 158 மாதம். அடுத்த இரண்டு ஆண்டுகள் சேமிப்பை நிறுத்தவே இல்லை. தொகை 12% கூடியது. செலவு 14% கூடியது. 2023 கடைசியில் 155. இரண்டு வருடம் ஓடி மூன்று அடி பின்னால்! தொகையை மட்டும் பார்த்திருந்தால் 12% வளர்ச்சி என்று நிம்மதியாகத் தூங்கியிருப்பேன். இந்த ஸ்ப்ரெட்ஷீட்டுக்கு நான் கொடுக்கும் மதிப்பெண்ணில் பாதி இந்த ஒரு வரிக்குத்தான்.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். சராசரிக்குள் பெரிய செலவுகள் ஒளிந்துகொள்ளும். கூரை பழுது, அம்மாவின் அறுவை சிகிச்சை இரண்டும் 12 மாதச் சராசரியில் வந்து, அந்த ஆண்டு எண்ணைத் தாறுமாறாக இழுத்து, அடுத்த ஆண்டு காணாமல் போயின. இப்போது அப்படிப்பட்டவற்றுக்கு மூன்று ஆண்டுச் சராசரி. சொந்த வீட்டை மொத்தத்தில் சேர்க்கும் ஆசையும் வரும். சேர்க்காதீர்கள், வாடகை இல்லாத பலன் ஏற்கெனவே செலவுப் பத்தியில் வந்துவிட்டது. ஓய்வூதியம் வரும் என்றால் அதை மொத்தத்தில் கூட்டாமல் செலவில் கழிக்க வேண்டும். செலவு 100, ஓய்வூதியம் 40 என்றால் சேமிப்பு தாங்க வேண்டியது 60தான்; 100 மாதப் பணம் 167 மாதம் வரும். இதைத் தலைகீழாகச் செய்து இரண்டு வருடம் வீணாகக் கவலைப்பட்டேன். எழுபது வயதில் மருத்துவத்துக்கு எவ்வளவு ஆகும் என்பதை இந்த முறை சொல்லவே சொல்லாது. அதற்குத் தனியாக மருத்துவக் காப்பீடும், தனியாக ஒரு 24 மாதமும் ஒதுக்கியிருக்கிறேன். அந்த 24 ஊகம்தான்.

இன்னொரு குறை என்னுடையது. ஒரு கட்டத்தில் எதைப் பார்த்தாலும் நாள்கணக்கு வந்துவிட்டது. ஒரு பயணத்தில் மனைவி ஒரு புடவையை எடுத்துப் பார்த்தபோது, 'இது நாலு நாள்' என்று வாய் தவறி வந்துவிட்டது. "ஏங்க, அந்த மாசத்துல எல்லாம் நான் இருப்பேனா மாட்டேனா?" என்று கேட்டாள். அன்றிலிருந்து மாதத்தில் ஒரு நாள் மட்டும்தான் அந்தக் கோப்பைத் திறப்பது. தினமும் பார்த்த நாட்களில் என் முடிவுகள் மோசமாக இருந்தன என்பதற்கும் அதே கோப்பில் ஆதாரம் இருக்கிறது.

இப்போது எனக்கு 51. இனிமேல் பயம் வேறு. வேலையில் இருக்கும்போது சந்தை 30% விழுந்தால் பழைய இடத்துக்கு வர 43% ஏற வேண்டும். எடுத்துச் செலவழிக்கத் தொடங்கிய பிறகு கதை மாறுகிறது. 300 மாதத்தோடு ஓய்வு பெற்று, அந்த ஆண்டுக்கு 12 எடுத்து, மிச்சமுள்ள 288 அதே வருடம் 30% விழுந்தால் 201 சொச்சம். அடுத்த ஆண்டுக்கு இன்னொரு 12 எடுத்தால் 189 சொச்சம். 288க்குத் திரும்ப 52% ஏற்றம் வேண்டும், அதற்குள் இன்னொரு 12. சரிவு பதினைந்தாம் ஆண்டில் வந்தால் தாங்கலாம், முதல் இரண்டு ஆண்டில் வந்தால் அடி பலம். எது முதலில் வரும் என்று தெரியாது என்பதால், ஓய்வுக்கு முந்தைய கடைசி நாலு வருடச் சேமிப்பை ரொக்கத்திலும் குறுகிய காலப் பத்திரங்களிலும் மட்டும் போட்டு, ஓய்வு நாளன்று அந்தப் பக்கம் 60 மாதமாவது இருக்கும்படி பார்த்துக்கொள்ளப் போகிறேன். ஏற்றம் வந்தால் கொஞ்சம் இழப்பேன்; பரவாயில்லை.

போன வாரம் கோப்பின் கடவுச்சொல்லை மனைவியிடம் எழுதிக் கொடுத்தேன். எனக்கு ஏதாவது ஆனால் அவள் திறக்க வேண்டுமே. உட்கார்ந்து மேலிருந்து கீழே அரை மணி நேரம் படித்தாள். "இந்த வைப்பு ரெண்டு இடத்துல இருக்கே?" என்றாள். பார்த்தேன். போன ஆண்டு புதுப்பித்தபோது பழைய வரியை அழிக்க மறந்திருக்கிறேன். ஆக 184 இல்லை, 182.