இன்டர்பிரட்டர் ஸ்டூடன்ட்ஸுக்கு டிராமாவா, மேடைப்பேச்சா?

ஒருத்தர் பேசறதை வேற மொழில வாயாலேயே சொல்றவங்கதான் இன்டர்பிரட்டர், அவங்களுக்கு நான் கிளாஸ் எடுக்கறேன். ரெண்டையும் வச்சுப் பாத்தாச்சு, போன பேட்சுக்கு மேடைப்பேச்சு, இந்த பேட்சுக்கு டிராமா. என் ஓட்டு டிராமாவுக்குத்தான், முன்னாடியே சொல்லிடறேன்.

மேடைப்பேச்சுல என்ன கிடைக்கும்னு எல்லாருக்கும் தெரியும், கூச்சம் போகும், குரல் கணீர்னு வரும், "வந்து... அதாவது..." குறையும். கன்செக்யூட்டிவ்ல, அதாவது பேசறவர் நிறுத்தின பிறகு மொழிபெயர்க்கற முறையில, ஒருத்தர் அஞ்சு நிமிஷம் பேசினதை நோட்ஸ் வச்சுத் திருப்பிச் சொல்லும்போது நோட்டுக்குள்ளயே தலையைக் கவுத்துக்காம நிமிந்து பேசறாங்க, அது நிஜமாவே லாபம்.

ஆனா சிக்கலே "நான்"ங்கற வார்த்தையிலதான். "அவர் வருத்தப்படறாராம்"னு இன்டர்பிரட்டர் சொல்லக்கூடாது, "நான் வருத்தப்படறேன்"னு சொல்லணும், அந்த நான் இன்டர்பிரட்டர் கிடையாது, பேசினவர். மேடைப்பேச்சோ சொந்தக் கருத்தை அடிச்சுப் பேசத்தான் பழக்குது. பேச்சுப் போட்டில பரிசு வாங்கின ஒரு பொண்ணு, ரோல் பிளேல டாக்டர் "கட்டியா... இருக்கலாம்..."னு தயங்கி இழுத்ததை "கட்டியா இருக்கலாம்!"னு தீர்ப்பு மாதிரி முடிச்சா. வார்த்தை ஒண்ணும் தப்பில்ல, ஆனா பேஷண்டா நடிச்ச பையன் முகமே மாறிடுச்சு.

டிராமால இந்த நான் மாறற பழக்கம் தானா வருது. இந்த நொடி டாக்டர், அடுத்த நொடி பேஷண்ட், தனக்குப் பிடிக்காத டயலாக்னாலும் முழுசாப் பேசணும். 1945ல, ரெண்டாம் உலகப் போர் முடிஞ்சு நாஜி தலைவர்களை ஜெர்மனில விசாரிச்ச நியூரம்பர்க் விசாரணை ஆரம்பிச்சப்ப அவங்க சொன்னதையும் இன்டர்பிரட்டர்கள் "நான்"னுதான் பேசினாங்க, அந்த இன்டர்பிரட்டர்கள்ல நாஜிகளுக்குப் பயந்து ஊரைவிட்டு ஓடிவந்தவங்களும் இருந்தாங்க. அந்த மாதிரி வாக்கியத்தை வாய்ல வாங்கிப் பேச மேடைப்பேச்சு எப்படிப்பா கத்துக்கொடுக்கும்?

நாங்க பண்ற பயிற்சி சிம்பிள்தான், "நீங்க போகலாம்"ங்கற ஒரே வரியை ஒருத்தர் கோவமா, தயங்கி, சலிச்சுப்போய்னு மாத்தி மாத்திச் சொல்லணும், எதிர்ல இருக்கறவர் அந்தத் தொனி குறையாம வேற மொழில திருப்பித் தரணும். தயக்கத்தைத் திருப்பித் தர்றதுதான் ரொம்பக் கஷ்டம், கோவத்தை யார் வேணா பண்ணிடறாங்க.

டிராமாவுக்கும் ஒரு தொல்லை இருக்கு, ஓவர் ஆக்டிங். பேஷண்ட் அழுதா இன்டர்பிரட்டரா நிக்கற பையனும் கூட சேந்து அழறான், அதை அடக்கவே ரெண்டு வாரம் போச்சு.

இதெல்லாம் ஆளுக்கு ஆள் நேர்ல நிக்கற வேலைக்குத்தான். கண்ணாடி பூத்ல உக்காந்து, பேசறவர் பேசப் பேசக் கூடவே மொழிபெயர்த்து, 20-30 நிமிஷத்துக்கு ஒருதரம் மைக்கைப் பக்கத்துல இருக்கறவர்கிட்ட விடற சைமல்டேனியஸ் கிளாஸ் நான் கொஞ்சம்தான் எடுத்திருக்கேன். அங்க முகம் யாருக்கும் முக்கியமில்ல, குரல் மட்டும்தான், அதனால மூச்சு, குரல் பயிற்சி கை கொடுக்கலாம், அடிச்சுச் சொல்லமாட்டேன்.

அடுத்த பேட்சுக்கு நாலு வாரம் டிராமா, ஒரு வாரம் மேடைப்பேச்சு, அதுவும் கடைசில.