தோள்வரை பாடம் செய்த மான் தலை: பல ஆண்டுகள் சுவரில் இருந்தபின் எந்த நிலை நன்றாக இருக்கிறது?

மான் தலையைப் பாடம் செய்யக் கொடுக்கும்போது எல்லோர் கண்ணும் கொம்பு மேல்தான். ஏழெட்டு வருடம் அதோடு ஒரே அறையில் புழங்கியபின் வரும் குறைகள் வேறு: முகம் சுவரைப் பார்க்கிறது, எதிரே நின்றால் தாடைதான் தெரிகிறது, போகும்போதும் வரும்போதும் இடிக்கிறது. மூன்றுக்கும் காரணம் ஒன்றே. சுவரை யோசிக்காமல் நிலையைத் தேர்ந்தெடுத்திருப்பார்கள். முதலில் சுவரை முடிவு செய்யுங்கள், பிறகு நிலை.

நிலைகளில் அடிக்கடி கேட்கும் பெயர்கள் மூன்று. அப்ரைட் என்றால் கழுத்து நிமிர்ந்து தலை உயர்ந்து நிற்கும். செமி ஸ்னீக்கில் கழுத்து முன்னால் சாய்ந்து, தலை முதுகு மட்டத்துக்குச் சற்று மேலே இருக்கும். ஃபுல் ஸ்னீக்கில் தலை முதுகு மட்டத்துக்கே இறங்கிவிடும். வெள்ளைவால் மான் (அமெரிக்க இனம்) அளவுள்ள தலை என்றால் மூக்கு நுனி சுவரிலிருந்து சுமார் 20 முதல் 26 அங்குலம் நீட்டிக்கொண்டிருக்கும். அப்ரைட் குறைவாக நீளும், உயரம் அதிகம் பிடிக்கும். ஸ்னீக் அதற்கு நேர்மாறு. 8 அடிக் கூரை உள்ள அறையில் அப்ரைட்டை மாட்டினால் கொம்பு நுனி கூரையை நெருங்கும், இல்லையென்றால் மார்பு சோபா முதுகைத் தொடும். அங்கே செமி ஸ்னீக்தான் சரி. எந்த அறைக்கென்று தெரியாமல் ஒன்றைச் சொல்லச் சொன்னாலும் செமி ஸ்னீக்கையே சொல்லலாம். வருடங்கள் போனாலும் அலுக்காத நிலை அது.

மிக உயரத்தில் மாட்டுவது பரவலான தவறு. மான் கண் நம் கண்ணைவிட அரையடி, ஓரடி மேலே இருந்தால் முகம் முழுதாகத் தெரியும். அதற்கும் மேலே போனால் தொண்டை வெள்ளையும் தாடையின் அடிப்பகுதியும்தான் காட்சி. உயரமான சுவரைத் தவிர்க்க முடியாதென்றால் மூக்கு கீழ்நோக்கிச் சாய்ந்த ஃபோம் அச்சை (தோலைப் போர்த்தும் உள் வடிவம்) கேட்டு வாங்குங்கள்.

தலை எந்தப் பக்கம் திரும்பியிருக்க வேண்டும் என்ற திருப்பத்தில்தான் ஆர்டர்கள் அதிகம் குழம்புகின்றன. இடது, வலது என்பது மானின் இடது, வலது. இடது திருப்பம் உள்ள தலை, எதிரே நிற்பவருக்கு வலப்பக்கம் பார்ப்பதாகத் தெரியும். அதனால் வாயால் சொல்வதோடு விடாமல், வாசல் எங்கே, சுவர் எங்கே, முகம் எந்தப் பக்கம் என்று ஒரு தாளில் வரைந்து கொடுத்துவிடுங்கள். முகம் அறையின் நடுவையோ வாசலையோ பார்க்க வேண்டும். மூலைக்கு அருகே மாட்டி மூலையையே பார்க்கவிட்டால் கொம்பு எவ்வளவு பெரிதாக இருந்தும் பயனில்லை. இரண்டு தலைகளை அருகருகே மாட்டுவதென்றால் இரண்டும் உள்நோக்கிப் பார்க்கட்டும், அல்லது ஒரே பக்கம் பார்க்கட்டும். எதிரெதிர்ப் பக்கம் திரும்பினால் கோபித்துக்கொண்ட சம்பந்திகள் மாதிரி இருக்கும்.

கூர்மையான திருப்பத்துக்கு ஆசைப்படுமுன் கொம்பின் வெளி அகலத்தை அளந்துகொள்ளுங்கள். தலை திரும்பத் திரும்ப ஒரு பக்கக் கொம்பு பின்னே போய்ச் சுவரை நெருங்கும். அந்த இடத்தில் குறைந்தது 2 அங்குல இடைவெளி வேண்டும், இல்லையென்றால் ஒவ்வொரு முறை தூசி தட்டும்போதும் பெயின்டில் கீறல் விழும். எல்லாம் ஒத்துவருமா என்று பார்க்க எளிய வழி இருக்கிறது. கொம்பின் அகலமும் 2 அடி ஆழமும் உள்ள காலி அட்டைப்பெட்டியை அதே இடத்தில் டேப் போட்டு ஒட்டிவிட்டு, ஒரு வாரம் வழக்கம்போல நடமாடுங்கள். எங்கே இடிக்கிறது, எந்தக் கதவு முட்டுகிறது என்பது தெரிந்துவிடும்.

அச்சின் அளவு கண்ணின் முன்முனையிலிருந்து மூக்கு நுனி வரையிலும், காதுக்குப் பின்னால் கழுத்துச் சுற்றளவிலும் எடுக்கப்படும். இனப்பெருக்கக் காலத்து ஆண் மானின் பருத்த கழுத்துதான் அழகு என்று, மெல்லிய கழுத்துத் தோலைப் பெரிய அச்சில் இழுத்து மாட்டச் சொல்லாதீர்கள். காயும்போது தோல் சுருங்கும், பின்கழுத்துத் தையல் வாய் பிளக்கும். முதல் வருடம் முடி மறைத்துவிடும், பிறகு கோடாகத் தெரியும்.

பக்கவாட்டு உடலும் தெரியும் பெடஸ்டல் வகை, மூலைகளில் பிரமாதமாக இருக்கும். அதற்கு நீளமான தோல் வேண்டும், முன்கால்களை ஒட்டி வெட்டிய தோல் போதாது. உரிக்கும் முன்பே முடிவு செய்ய வேண்டிய விஷயம் இது. மேசைமேல் வைக்கும் பெடஸ்டல் என்றால் அடிப்பலகை அகலமாகவும் கனமாகவும் இருக்கட்டும். அடியில் காய்ந்த பாசி, சருகு ஒட்டிய அலங்காரம் வேண்டவே வேண்டாம், தூசிக்கும் பூச்சிக்கும் அது வீடு.

காதுகள் இரண்டும் முன்னோக்கினால் உஷார் தோற்றம், பின்னே படிந்தால் சண்டைக்குத் தயாரான தோற்றம். ஒன்று முன்னே ஒன்று பின்னே இருப்பது இயல்பாகத் தெரியும், பார்த்துப் பார்த்துச் சலிக்காது. வாய் திறந்த நிலையும் உதட்டைச் சுழிக்கும் நிலையும் முதலில் கவர்ந்தாலும், ஈறு, நாக்கு எல்லாம் பெயின்ட் அடித்த செயற்கை என்பது சில வருடத்தில் கண்ணை உறுத்தும். உதட்டோரம் முதலில் வெடிப்பதும் அங்கேதான்.

எடை பெரும்பாலும் 7 முதல் 12 கிலோ. செங்கல் சுவரென்றால் 8 மி.மீ. பிளக்கும் நீள ஸ்க்ரூவும் போதும். ஜிப்சம் பலகைச் சுவரென்றால் உள்ளே மரச்சட்டம் இருக்கும் இடம் பார்த்துத்தான் துளை போட வேண்டும். திரும்பிய தலையின் பாரம் ஒரு பக்கமாகவே இருப்பதால் ஒற்றை ஸ்க்ரூவில் மெதுவாகச் சாயும். இரண்டு ஸ்க்ரூ போடுங்கள், மார்பின் கீழ் விளிம்புக்குப் பின்னால் சிறு ஃபெல்ட் துண்டு ஒட்டுங்கள். தூக்கும்போது காதைப் பிடிக்கவே கூடாது.

எல்லோரும் ஆசைப்படும் இடம் கணப்புக்கு மேலே. அதைவிட மோசமான இடம் இல்லை. சூட்டில் தோல் மேலும் காயும், காது விளிம்பு உள்ளே இருக்கும் தகட்டைவிட்டு எழும்பும், கண்ணாடிக் கண்ணுக்கும் இமைக்கும் நடுவே மயிரிழை அளவு வெள்ளைக் கோடு தெரியும். அந்தக் கோடு விழுந்துவிட்டால் முகத்தில் உயிர் போய்விடும். ஏசி காற்று நேராக அடிக்கும் இடமும் அப்படித்தான். ஜன்னல் வெயிலில் முடியின் செம்பழுப்பு வெளுக்கும், கண்ணாடி இருந்தாலும் தப்பாது. ஈரப்பதம் 40 முதல் 50 சதவீதத்தில் நிலையாக இருப்பது நல்லது, ஏறி இறங்குவதுதான் கெடுதல். வெளிச்சத்துக்கு எல்இடி போதும். முன்பக்கம் மேலிருந்து சாய்வாக விழவைத்தால் கண்ணில் ஒரு சிறு பொட்டாக ஒளி நிற்கும்.

தூசியை மூக்கிலிருந்து தோள் நோக்கி, முடி படிந்த திசையில் மென்மையான பிரஷ்ஷால் தட்டுங்கள். கண்ணைத் துடைக்க, கிளீனரை இயர் பட்ஸில் தொட்டுக்கொள்ளுங்கள், முகத்தில் ஸ்ப்ரே அடிக்காதீர்கள். மரச்சாமான் பாலிஷ் முடியில் பட்டால் தூசி ஒட்டிக்கொள்ளும்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை காதின் உட்புறத்தையும் மார்பின் அடியையும் டார்ச் அடித்துப் பாருங்கள். கீழே மெல்லிய பொடி, புழு உரித்த சட்டை, அடியோடு அறுந்த முடி இருந்தால் கம்பள வண்டோ அந்துப்பூச்சியோ வந்துவிட்டது. உடனே பிளாஸ்டிக் உறையில் கட்டி மற்றவற்றிலிருந்து பிரித்துவிட்டு, பாடம் செய்தவரிடம் காட்டுங்கள். திறந்த சுவரில் நாப்தலீன் உருண்டை தொங்கவிடுவது பூச்சியை ஒன்றும் செய்யாது, மூச்சுக்குத்தான் கேடு. பரம்பரையாக வந்த பழைய தலை என்றால் இன்னும் கவனம்: அந்தக் காலத்தில் ஆர்சனிக் தடவிப் பாடம் செய்வது வழக்கம், கையுறையும் முகக்கவசமும் இல்லாமல் தூசி தட்டாதீர்கள்.