நார் கலந்த உலோகம்: அடுக்கி ஒட்டுவதா, வார்ப்பிலேயே சேர்ப்பதா?

அலுமினியத்தோடு நாரைச் சேர்க்க முக்கியமாக இரண்டு வழிகள் உண்டு. அரை மில்லிமீட்டருக்கும் குறைவான தடிமனுள்ள அலுமினியத் தகடுகளுக்கு நடுவே பிசினில் தோய்த்த கண்ணாடி நாரை வைத்துச் சூட்டிலும் அழுத்தத்திலும் ஒட்டுவது ஒன்று. ஹாலந்தின் டெல்ஃப்ட் பல்கலைக்கழகத்தில் உருவான கிளேர் இந்த வகை. இன்னொன்று, அச்சுக்குள் நார்க்கட்டை வைத்து, உருகிய அலுமினியத்தை அழுத்திப் புகுத்தி வார்ப்பது. ரெண்டும் வேண்டாம், கார்பன் நார் பிளாஸ்டிக்குக்கே போய்விடலாம் என்பவர்களும் உண்டு. போயிங் 787, ஏர்பஸ் ஏ350 இரண்டிலும் கட்டமைப்பு எடையில் ஏறத்தாழ பாதி இந்த மாதிரிப் பொருள்தான்.

லேசு எது என்று மட்டும் கேட்டால் கார்பன் பிளாஸ்டிக்தான். ஒரு கன சென்டிமீட்டர் 1.6 கிராம் அளவில் நிற்கும், அலுமினியம் 2.7, கிளேர் 2.5 பக்கம். ஆனால் அந்தப் பாகம் எதனால் கெட்டுப்போகும் என்று பார்த்துவிட்டுத்தான் பொருளைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது என் கட்சி.

விமான உடலையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு முறை மேலே போகும்போதும் உள்ளழுத்தத்தில் தோல் விரியும், இறங்கினால் தளரும். ஆயிரக்கணக்கான தடவை இப்படி நடந்தால் தகடுகளை இணைக்கும் ரிவெட் ஆணிகளின் துளை ஓரத்தில் விரிசல் விடும். 1988 ஏப்ரல் 28 அன்று ஹவாயில் அலோஹா ஏர்லைன்ஸின் போயிங் 737 ஒன்றின் கூரை நடுவானில் பிய்த்துக்கொண்டு போய் ஒரு பணிப்பெண் உயிரிழந்தது, இப்படிப் பல துளைகளில் கிளம்பிய விரிசல்கள் ஒன்றுசேர்ந்ததால்தான். ஒட்டு விட்டுப்போனதும் துருவும் அதற்குத் துணைபோயின. கிளேரில் அலுமினியத் தகட்டில் விரிசல் விட்டாலும், பக்கத்து அடுக்கில் இருக்கும் நார் அறுபடாமல் விரிசலின் இரு கரையையும் இழுத்துப் பிடித்துக்கொள்ளும், அதனால் விரிசல் நீளும் வேகம் வெகுவாகக் குறையும். தீ பிடித்தால் வெளித்தகடு உருகினாலும் கண்ணாடி நார் அடுக்கு தீ உள்ளே வராமல் கொஞ்ச நேரம் தடுக்கும். அப்புறம், சரக்கு வண்டி இடித்தால் இதில் நசுங்கியது கண்ணுக்குத் தெரியும். கார்பன் பிளாஸ்டிக்கில் மேலே சின்னக் கீறல்கூட இல்லாமல் உள்ளே அடுக்குகள் பிரிந்திருக்கலாம், பராமரிப்பு ஆட்களுக்கு இதுதான் பெரிய தலைவலி. மின்னல் தாக்கினால் மின்சாரத்தைக் கடத்த கார்பன் பிளாஸ்டிக்குக்குத் தனியாக உலோக வலை பதிக்க வேண்டியிருக்கிறது. கார்பனை அலுமினியத்தோடு நேரடியாகச் சேர்த்தால் ஈரம் பட்டதும் அலுமினியம் அரித்துப்போகும் என்பதால், அந்த இடங்களில் விலை கூடிய டைட்டானியம் வேண்டும்.

கிளேரின் பலவீனம் செலவு. தகடு, நார், பிசின் என்று அடுக்கி, பெரிய அழுத்தக் கலனில் வேகவைக்கும் வேலைக்கு நேரமும் பணமும் பிடிக்கும். ஏ380-இன் உடலின் மேற்பகுதியில் இதைப் பரவலாகப் போட்டார்கள், ஆனால் அந்த விமானத்தின் தயாரிப்பு 2021-இல் நின்றுவிட்டது.

வார்ப்பு வழிக்கு வருவோம். கார்பன் நாரோடு உருகிய அலுமினியம் நேரடியாகச் சேர்ந்தால் அலுமினியம் கார்பைடு உண்டாகும். அது சட்டென்று நொறுங்கும், தண்ணீர் பட்டால் சிதையும். நாருக்கு மேல்பூச்சு கொடுப்பார்கள், இல்லையென்றால் உருகிய உலோகம் நாரைத் தொட்டிருக்கும் நேரத்தைக் குறைப்பார்கள். விண்வெளி ஓடத்தின் நடு உடலில் போரான் நார் பதித்த அலுமினியக் குழாய்களைப் போட்டு சுமார் 145 கிலோ மிச்சப்படுத்தினார்கள், ஆனால் போரான் நார் விலைக்கு அது கார் பக்கமே வராது. காரில் ஜெயித்தது வேறு மாதிரி. 1980களின் தொடக்கத்தில் டொயோட்டா, டீசல் பிஸ்டனில் ரிங் உட்காரும் பள்ளத்தில் மட்டும் செராமிக் நாரை வைத்தது. ஹோண்டா பிறகு பிரெலூட், எஸ்2000 கார்களில் சிலிண்டரின் உள்சுவரில் மட்டும் அலுமினா, கார்பன் நார்களைச் சேர்த்து சிலிண்டருக்குள் செருகும் இரும்பு உறையையே (ஸ்லீவ்) எடுத்துவிட்டது. தேய்கிற இடம் கொஞ்சம், அங்கே மட்டும் நார், மீதி எல்லாம் சாதா அலுமினியம்.

ஆக, என்ஜினுக்கு வார்ப்பு, அதுவும் தேயும் இடத்துக்கு மட்டும். இறக்கைக்கு கார்பன் பிளாஸ்டிக், அங்கே எடையும் விறைப்பும்தான் முக்கியம். ஆனால் ஒரு நாளில் ஐந்தாறு முறை ஏறி இறங்கும் சின்ன விமானங்களின் உடலுக்கு நான் கிளேர் மாதிரியான அடுக்கைத்தான் கேட்பேன், தகடு அடுக்கும் வேலையை இயந்திரத்திடம் கொடுத்து விலையைக் கீழே கொண்டுவர முடிந்தால்.