கோடை ஜன்னலுக்கு வெட்டிவேர்த் தட்டியா, மூங்கில் தட்டியா?

பங்குனி வெயில் ஏறத் தொடங்கியதும் கனத்த திரைச்சீலைகளைக் கழற்றிவிட்டுத் தட்டி மாட்டுவது பல வீடுகளில் வழக்கம். எந்தத் தட்டி என்பதை உங்கள் ஊர்தான் முடிவு செய்யும்.

வெட்டிவேர்த் தட்டி குளிர்ச்சி தருவது நீர் ஆவியாவதால். காற்று வறண்டிருந்தால்தான் அது நடக்கும். வேலூர், திருச்சி, மதுரைப் பக்கம் மத்தியானம் ஒரு வாளித் தண்ணீரைத் தெளித்துவிட்டால், உள்ளே வரும் அனல்காற்று குளிர்ந்து, மண்வாசனை மாதிரி ஒரு மணத்தோடு வரும். சென்னையிலோ தூத்துக்குடியிலோ காற்றே ஈரமாக இருப்பதால் மணம் மட்டும்தான் மிச்சம். அறை இன்னும் புழுங்கும். தண்ணீர்ப் பஞ்சம் உள்ள தெருவில் இதைப் பரிந்துரைக்கவே மாட்டேன். காற்று வராத ஜன்னலிலும் வீண்தான். தவிர, ஈரம் காயாமலே கிடந்தால் பூஞ்சை பிடிக்கும்; அக்னி நட்சத்திரம் முடிந்து வெயில் தணிந்ததும் நன்றாக உலர்த்திச் சுருட்டி வைக்க வேண்டும்.

மூங்கில் தட்டிக்கு இந்தத் தொல்லைகள் இல்லை. வெயிலைத் தடுக்கும், அவ்வளவுதான். ஆனால் கண்ணாடிக்கு வெளியே மாட்டுங்கள். உள்ளே மாட்டினால் சூடு ஏற்கெனவே அறைக்குள் வந்திருக்கும். கீற்றுகளில் மாவு மாதிரித் தூள் உதிர்ந்தால் வண்டு துளைக்கிறது என்று பொருள். வார்னிஷ் பூசியது ஐப்பசி மழையையும் ஓரளவு தாங்கும்.

கடலோர அடுக்குமாடி என்றால் யோசிக்காமல் மூங்கில். உள்மாவட்டத்தில் மேற்கு பார்த்த ஜன்னலும் கிணறும் இருந்தால் என் ஓட்டு வெட்டிவேருக்கு.